பைத்தான் செட்: சின்னதில் நட, பெரியதில் தேடு

இரண்டு பட்டியல்கள் கையில் இருக்கின்றன. இரண்டிலும் இருப்பவை எவை? ஒன்றில் மட்டும் இருப்பவை எவை? மலை ஏறிய வண்டிகளின் பதிவானாலும், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பச்சை இலை போடும் சிறு விவசாயிகளின் உறுப்பினர் எண்களானாலும், பறவை பார்ப்பவரின் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பானாலும் கடைசியில் கேள்வி இதுதான். பட்டியல் நூறு வரி என்றால் எக்செல்லே போதும். லட்சத்தைத் தாண்டினால் எக்செல் மூச்சு வாங்கும். அப்போது கைகொடுப்பது பைத்தான் என்னும் நிரல் மொழியோடு கூடவே வரும் செட்: எதையும் ஒரே முறை மட்டும் வைத்துக்கொள்ளும் தொகுப்பு.

விலை ஒன்றுமில்லை. தனியாக நிறுவ வேண்டியதும் இல்லை. 2003-ல் 2.3 பதிப்பில் தனி மாட்யூலாக வந்து, 2004-ல் 2.4 பதிப்பிலிருந்து மொழிக்குள்ளேயே குடியேறிவிட்டது. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஐந்துக்கு நாலு. குறைந்த ஒரு மதிப்பெண்ணில் பாதி, வெளியில் ஒரே மாதிரி தெரியும் குறிகளுக்குப் பின்னால் வேலை ஒரே மாதிரி நடக்காததற்காக; மறுபாதிக்குக் காரணம் கடைசியில். உள்ளே எந்தப் பட்டியல் முழுவதும் நடந்து பார்க்கப்படுகிறது என்று தெரிந்து எழுதினால் ஒரு நொடிக்குள் முடியும். தெரியாமல் எழுதினால் அதே விடைக்கு பல மடங்கு நேரமும் நினைவகமும் போகும். இங்கே சொல்வதெல்லாம் பெரும்பாலோர் பயன்படுத்தும் பைத்தான் வடிவமான சிபைத்தானின் உட்கட்டமைப்பைப் பற்றியது.

செயல்களைப் புரிந்துகொள்ளப் பறவைப் பட்டியலைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்த மலைகளில் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி, தெற்கே பழனி மலை. நீலகிரிச் சிரிப்பான் வடக்கே மட்டும். பழனிச் சிரிப்பான் தெற்கே மட்டும். நீலகிரி ஈப்பிடிப்பானும் நீலகிரி மரப்புறாவும் இரண்டு பக்கமும் உண்டு. இரண்டு மலைகளின் பட்டியல்களையும் செட்டாக்கினால், நீலகிரி & பழனி என்பது ஈப்பிடிப்பானையும் மரப்புறாவையும் தரும். நீலகிரி - பழனி என்றால் வடக்குச் சிரிப்பான் மட்டும். நீலகிரி ^ பழனி என்றால் கணவாய் பிரித்துவைத்த இரண்டு சிரிப்பான்களும். நீலகிரி | பழனி என்றால் எல்லாம், ஒவ்வொன்றும் ஒரே முறை. சொல்லப்போனால் இந்த வரிகள் பைத்தானில் அப்படியே ஓடும். பைத்தான் 3-ல் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம்.

பறவை விஷயத்தில் வேகம் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கில்தான் இனங்கள். வேகத்துக்கு இ-பாஸை எடுத்துக்கொள்வோம். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் சீசனுக்கு நீலகிரியில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலில் 4,000, 6,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்கு நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டாம். உண்மைப் பதிவுகள் நம் கையில் இல்லை. அளவை மட்டும் கடன் வாங்குவோம். ஒரு நாள் செட் ‘இன்று’, அதில் 6,000 எண்கள். இதுவரை சேர்ந்த செட் ‘மொத்தம்’, அதில் 20 லட்சம்.

செட்டின் உள்ளே நடப்பது இரண்டே வேலை. ஒன்று நடை: செட்டின் எல்லா அறைகளையும் வரிசையாகத் திறந்து பார்ப்பது. இன்னொன்று தேடல்: ஒரு பொருளை ஹாஷ் என்னும் எண்ணாக்கி, அந்த எண் காட்டும் அறையை மட்டும் நேராகத் திறப்பது. தேடல் ஒன்றின் செலவு, செட்டில் 6,000 இருந்தாலும் 20 லட்சம் இருந்தாலும் கிட்டத்தட்ட அதேதான். பெரிய செட் பிராசஸரின் வேகமான சிறு நினைவகமான கேஷில் அடங்காததால் கொஞ்சம் கூடும், அவ்வளவே. நடையின் செலவோ அளவோடு நேராக ஏறும். ஆகவே எந்தச் செயலிலும் கேட்க வேண்டிய கேள்வி: எந்தப் பக்கம் நடக்கிறது, எந்தப் பக்கம் தேடுகிறது?

& குறியில் பைத்தான் புத்திசாலி. இரண்டு பக்கமும் செட்டாக இருந்தால் சின்னதை நடந்து பெரியதில் தேடும். இன்று & மொத்தம் என்று எழுதினாலும் திருப்பிப் போட்டாலும் 6,000 தேடல்தான். ஹாஷும் மறுபடி கணக்கிடப்படுவதில்லை. ஒவ்வொரு அறையிலும் பொருளின் முகவரியோடு அதன் ஹாஷும் சேர்ந்தே கிடக்கிறது. நீங்களே வகுத்த கிளாஸுக்குப் பைத்தானில் ஹாஷ் எழுதியிருந்தால் இந்தச் சேமிப்பு நன்றாகவே தெரியும்.

ஆனால் இந்தப் புத்தி செட்டும் செட்டும் சந்திக்கும்போது மட்டும். இன்டர்செக்‌ஷன் என்ற மெத்தடுக்கு (& குறியின் வேலையைப் பெயர் சொல்லிச் செய்யும் கட்டளை) லிஸ்ட், ஃபைல், டிக்‌ஷனரி எதையும் கொடுக்கலாம். கொடுத்தால் கொடுத்ததையே நடக்கும். இதில் நன்மையும் உண்டு. மொத்தம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஓர் எண்ணாகக் கிடக்கிறது, ஒரே ஒரு முறைதான் ஒப்பிட வேண்டும் என்றால், அதைச் செட்டாக மாற்றவே தேவையில்லை. இன்று.இன்டர்செக்‌ஷன் என்று எழுதி, வரிகளைச் சுத்தம் செய்துகொண்டே நேராக ஊட்டலாம். நினைவகத்தில் 6,000 மட்டும் இருக்கும். ஒப்பீடு பலமுறை என்றால்தான் பெரியதைச் செட்டாக்கும் செலவு திரும்பக் கிடைக்கும்.

பொறி டிக்‌ஷனரியில். வண்டி எண்ணுக்கு எதிரே விவரம் வைத்த 20 லட்சம் பதிவுள்ள டிக்‌ஷனரியை இன்டர்செக்‌ஷனுக்குக் கொடுத்தால், அதற்கும் ஹாஷ் தேடல் தெரியும் என்பதைக் கண்டுகொள்ளாமல் அந்த 20 லட்சத்தையே நடக்கும். வேடிக்கை என்னவென்றால் கழித்தலுக்கான டிஃபரன்ஸ் மெத்தட் டிக்‌ஷனரியை அடையாளம் கண்டு அதில் தேடுகிறது, இன்டர்செக்‌ஷன் காண்பதில்லை. இங்கே இன்றிலுள்ள ஒவ்வொன்றையும் டிக்‌ஷனரியில் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரி செட் காம்ப்ரிஹென்ஷனே மேல்.

மூன்று நான்கு செட்டுகளை ஒன்றாகக் கொடுத்தால் இடமிருந்து வலமாக இரண்டிரண்டாகப் போகும். அளவைப் பார்த்து வரிசை மாற்றாது. கல்லாறு, குஞ்சப்பனை என்று இரண்டு செக்போஸ்ட்டின் மாதக்கணக்கான செட்டுகளை முதலில் வைத்து, இன்றைய செட்டைக் கடைசியில் வைத்தால் முதல் இணையே பெரிய நடை. நீளத்தின்படி சார்ட் செய்து சின்னதை முன்னால் விடுங்கள். இடையில் விடை காலியாகிவிட்டால் மீதி செட்டுகளுக்கு நடையே இருக்காது. இதே இடத்தில் புதியவர்கள் விழும் குழி ஒன்று: பல செட்டுகளின் யூனியனுக்கு, அதாவது | குறியின் வேலைக்கு, காலி செட்டில் தொடங்கலாம், சரியான விடை வரும். அதே பழக்கத்தில் இன்டர்செக்‌ஷனைக் காலி செட்டில் தொடங்கினால் விடை எப்போதும் காலி. பிழைச் செய்தியும் வராது.

பொதுவாக ஒன்றாவது உண்டா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் & போட்டு நீளம் பார்க்காதீர்கள். இஸ்டிஸ்ஜாயின்ட் சின்னதை நடந்து, முதல் பொருத்தம் கிடைத்ததும் நின்றுவிடும். இடப்பக்கம் முழுவதும் வலப்பக்கத்தில் அடங்குகிறதா என்று பார்க்கும் இஸ்சப்செட்டும் முதல் பொருந்தாததில் நின்றுவிடும்; இடப்பக்கம் பெரியதாக இருந்தால் ஒரு பொருளைக்கூடப் பார்க்காமல் இல்லை என்று சொல்லிவிடும்.

கழித்தலில் பக்கம் மாறினால் பொருளே மாறும் என்பதால் பைத்தானால் புரட்டிப் போட முடியாது. இன்று - மொத்தம், அதாவது இன்றுதான் முதல்முறை வந்த வண்டிகள்: இன்றை நடந்து மொத்தத்தில் தேடும், 6,000 தேடல். மொத்தம் - இன்று: இடப்பக்கம் வலப்பக்கத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் இருந்தால் வழி மாறும். முழுச் செட்டையும் நகலெடுத்து, நகலிலிருந்து 6,000-ஐ நீக்கும். தேடல் குறைவுதான், நகல் பெரியது. பழைய செட் இனி வேண்டாம் என்றால் மொத்தம் -= இன்று என்று எழுதுங்கள்; அதே செட்டிலிருந்தே நீக்கும், நகலே இல்லை.

-= குறிக்குப் பழைய கணக்கு ஒன்று இருந்தது. அது எப்போதும் வலப்பக்கத்தையே நடக்கும். இன்று -= மொத்தம் என்று எழுதினால், 6,000 கொண்ட செட்டிலிருந்து நீக்க 20 லட்சத்தையும் நடந்துகொண்டிருந்தது. 3.9 பதிப்பில் சரிசெய்தார்கள்: வலப்பக்கம் எட்டு மடங்குக்கு மேல் பெரியதாக இருந்தால் முதலில் இரண்டுக்கும் பொதுவானதைக் கண்டு, அதை மட்டும் நீக்கும். அலுவலகக் கணினியில் இன்னும் 3.8 ஓடுகிறது என்றால் இன்று = இன்று - மொத்தம் என்றே எழுதுங்கள். வலப்பக்கம் லிஸ்ட்டாக இருந்தால் எந்தப் பதிப்பிலும் இந்தச் சலுகை கிடையாது.

யூனியனும் ^ குறியும் எந்தப் பக்கம் எழுதினாலும் விடை ஒன்றுதான். ஆனால் செலவு ஒன்றல்ல. யூனியன் இடப்பக்கத்தை நகலெடுத்து, வலப்பக்கத்தை ஒவ்வொன்றாகச் சேர்க்கும். மொத்தம் | இன்று என்றால் பெரியதன் நகல் மொத்தமாக ஓடிவிடும், பிறகு 6,000 சேர்ப்பு. இன்று | மொத்தம் என்றால் 20 லட்சம் சேர்ப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே இருக்கிறதா என்ற சோதனையோடு. ^ நேர்மாறு: வலப்பக்கத்தை நகலெடுத்து, இடப்பக்கத்தை நடக்கும். ஆகவே யூனியனில் பெரியதை இடப்பக்கம் வையுங்கள், ^ குறியில் பெரியதை வலப்பக்கம். இப்படி ஒரு ஏறுமாறு எதற்கு என்று கேட்டால், எழுதியவர்கள் அளவைக் கவனிக்காமல் விட்ட இடம் என்பதைத் தவிரப் பெரிய காரணம் தெரியவில்லை. ஒரு மதிப்பெண் குறைந்ததில் பாதி இதற்கு.

நாள்தோறும் சேர்த்துக்கொண்டே போகும் வேலைக்கு மொத்தம் = மொத்தம் | இன்று என்பது மோசமான பழக்கம். ஒவ்வொரு நாளும் செட்டின் அறைகளெல்லாம் சேர்ந்த முழு அட்டவணையும் நகலாகி, பழையது குப்பைக்குப் போகும். மொத்தம் |= இன்று என்றால் 6,000 சேர்ப்பு மட்டும். முப்பது நாள் செட்டுகளை ஒரே அடியாகச் சேர்க்க வேண்டுமா? காலி செட்டின் யூனியனுக்கு முப்பதையும் விரித்துக் கொடுங்கள். லூப்புக்குள் | போட்டால் வளர்ந்துகொண்டே போகும் செட் முப்பது முறை நகலாகும்.

|= குறிக்கு ஒரே எச்சரிக்கை. அதே செட்டை வேறு பெயரிலும் வைத்திருந்தால் அந்தப் பெயரிலும் மாற்றம் தெரியும். ‘நேற்று = மொத்தம்’ என்று எழுதிவிட்டு ‘மொத்தம் |= இன்று’ போட்டால், நேற்றைய கணக்கிலும் இன்றைய வண்டிகள் புகுந்துவிடும். நேற்றுக்கு காப்பி எடுங்கள், அல்லது மாறாத வகையான ஃப்ரோசன்செட்டாக வையுங்கள். ஃப்ரோசன்செட்டையும் செட்டையும் கலந்து | போட்டால் இடப்பக்கம் எந்த வகையோ விடையும் அந்த வகை.

நினைவகக் கணக்கு இதோ. செட் எட்டு அறைகளோடு தொடங்கும். அறுபது சதவீதம் நிரம்பியதும் பெரிதாகும்; 50,000 பொருள்வரை இருப்பதைப்போல் நான்கு மடங்கு கணக்கிலும், அதற்கு மேல் இரண்டு மடங்கு கணக்கிலும் புது அட்டவணை. அளவு எப்போதும் இரண்டின் அடுக்கு. 20 லட்சத்துக்கு 41,94,304 அறைகள் வரும். அறைக்கு 16 பைட், ஆகமொத்தம் 64 எம்பி. இது அட்டவணை மட்டும். பத்து எழுத்துள்ள வண்டி எண் ஒவ்வொன்றும் நினைவகத்தில் 64 பைட் பிடிக்கும் என்று வைத்தால் அது தனியாக 128 எம்பிக்குப் பக்கம். 4 ஜிபி லேப்டாப்பில் இது அடங்கும். தேவையில்லாத நகல்கள் இரண்டு மூன்று சேர்ந்தால் பிரவுசர் திறந்திருக்கும் கணினி திணற ஆரம்பிக்கும்.

நீக்கிய பொருள்களின் அறை உடனே காலியாகாது. அங்கே ‘இருந்தது, போய்விட்டது’ என்ற அடையாளம் நிற்கும். இல்லாவிட்டால் அந்த அறையைத் தாண்டி வைக்கப்பட்ட வேறு பொருளைத் தேடல் தவறவிடும். லூப்பில் ஒவ்வொன்றாக நீக்கும் டிஸ்கார்ட் போட்டு 20 லட்சத்தை 6,000 ஆக்கினீர்கள் என்றால் அட்டவணை சுருங்காது. 6,000 பொருளுக்காக ஒவ்வொரு நடையும் 41 லட்சத்துச் சொச்சம் அறைகளைத் திறந்து மூடும். நீளம் கேட்டால் 6,000 என்று சொல்லும், லூப் மட்டும் காரணம் தெரியாமல் மெதுவாக ஓடும். -= குறி வேலை முடிந்ததும் காலி அடையாளங்கள் அதிகமானால் அட்டவணையைச் சுருக்கிவிடும்; &= புதுச் செட் கட்டி மாற்றிவைக்கும். தனித்தனி டிஸ்கார்ட் எதையும் செய்யாது. அந்த நிலையில் செட்டிலிருந்து புதுச் செட் ஒன்று எடுத்துப் பழைய பெயரிலேயே வைத்தால் சரியாகும். நடந்துகொண்டிருக்கும் செட்டிலிருந்தே நீக்கப் பார்த்தால் அளவு மாறிவிட்டது என்று பிழை காட்டி நின்றுவிடும், அது நல்லதுதான்.

இதுவரை வேகம். உண்மையில் அதிகம் கெடுவது வேகம் அல்ல, விடை.

செட் ஒப்பிடுவது எழுத்துக்கு எழுத்து. ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் நமக்கு ஒரே ஊர். செட்டுக்கு மூன்று ஊர். வண்டி எண்ணில் இடைவெளி, கோடு, சின்ன எழுத்து, பெரிய எழுத்து, 0042-க்கும் 42-க்கும் உள்ள வேறுபாடு, பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ என்று எல்லாம் வந்து சேரும். ஃபைலிலிருந்து படித்த வரியின் கடைசியில் ஒட்டியிருக்கும் புதுவரிக் குறியே போதும், & காலி விடை தருவதற்கு. இரண்டு பெரிய பட்டியலின் பொதுப் பகுதி சந்தேகத்துக்கிடமாகக் காலியாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: இரண்டிலிருந்தும் மூன்று மூன்று பொருளை எடுத்து ரெப்ர் மூலம் அச்சிட்டுப் பாருங்கள், மறைந்திருக்கும் குறி வெளியே வரும். தேயிலை உறுப்பினர் எண்ணில் இன்னொரு வகை: ஒரு ஃபைல் 7 என்ற எண்ணாகப் படித்திருக்கும், இன்னொன்று ‘007’ என்ற எழுத்தாக. இவை ஒருபோதும் சமமாகா. மறுபக்கம், 1-ம் 1.0-வும் ட்ரூவும் சமம். மூன்றையும் ஒரு செட்டில் போட்டால் ஒன்றுதான் மிஞ்சும்.

தமிழ்ப் பெயர்கள் வந்தால் இன்னும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். கொடைக்கானல் என்பதன் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று துண்டாக. திரையில் இரண்டும் ஒன்றே. செட்டில் இரண்டு. கோத்தகிரியின் ‘கோ’வுக்கும் இதே கதை. பிடிஎஃப்பிலிருந்தோ பழைய எழுத்துரு மாற்றியிலிருந்தோ வரும் பட்டியல்களில் இந்தப் பிரித்தெழுத்து மலிந்து கிடக்கும். யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸை, துண்டுகளை ஒன்றுசேர்க்கும் என்எஃப்சி வடிவத்தில் ஓடவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இங்கே ஒரு வினோதம்: மாறிப் பெயர்களைப் பைத்தான் தானாகவே சீராக்கிக்கொள்கிறது. ‘கொடை’ என்ற மாறியை எப்படித் தட்டினாலும் ஒரே மாறி. தரவாக வரும் ‘கொடை’ என்ற எழுத்துச் சரத்தை அப்படியே விட்டுவிடுகிறது. சோதித்துப் பார்க்கிறவரை இது குழப்பியே தீரும்.

என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்க்காது. ஔகாரக் குறியின் வால் பகுதிக்குப் பதிலாக ளகர எழுத்தையே தட்டியிருந்தால் அது வேறு எழுத்து, சீராக்கம் தொடாது. ஸ்ரீயை ஸகரத்தில் எழுதுவதும் ஶகரத்தில் எழுதுவதும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. க்ஷ எழுத்து கூடாமல் இருக்க நடுவில் போடும் கண்ணுக்குத் தெரியாத பிரிப்பானும் அப்படியே நிற்கும். இவற்றுக்கு நீங்களே ஒரு சுத்தம் செய்யும் ஃபங்ஷன் எழுதி, செட்டில் போடுவதற்கு முன், இரண்டு பட்டியலுக்கும் அதே ஃபங்ஷனை ஓடவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுத்தம் செய்வது சுத்தம் செய்யாததைவிடக் கெடுதல். முன்பு பொருந்தியவையும் பொருந்தாமல் போகும்.

விடையின் வரிசையை நம்பாதீர்கள். எழுத்துச் சரங்களின் ஹாஷில் 3.3 பதிப்பு முதல் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு தற்செயல் எண் கலக்கப்படுகிறது. வெளியிலிருந்து வரும் தரவால் வேண்டுமென்றே மோதல் (பல பொருள்களுக்கு ஒரே அறை) உண்டாக்கிச் சர்வரை முடக்க முடியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதனால் காலையில் அச்சிட்ட பட்டியலும் மாலையில் அச்சிட்டதும் வேறு வரிசையில் வரும். தாளில் கொடுப்பதானால் சார்ட்டட் போட்டே கொடுங்கள். முழு எண்களின் ஹாஷ் பெரும்பாலும் அந்த எண்ணே என்பதால் சின்னச் சோதனைகளில் வரிசை ஒழுங்காகத் தெரியும். அதைக் கண்டு ஏமாற வேண்டாம்.

மற்ற மொழிகளோடு வைத்துப் பார்த்தால் பைத்தான் செட் எங்கே நிற்கிறது? ஜாவாவின் ஹாஷ்செட்டில், பொதுவானதை மட்டும் வைத்துக்கொள்ளும் ரிட்டெய்ன்ஆல் எப்போதும் அழைத்த செட்டையே நடக்கும். மொத்தத்தின் மேல் அதை அழைத்து இன்றைக் கொடுத்தால் 20 லட்சம் நடை, அதில் பெரும்பாலானதை ஒவ்வொன்றாக நீக்கும் வேலை வேறு. இன்றின் நகலை எடுத்து அதன்மேல் அழைத்தால் 6,000. பைத்தான் தானே செய்யும் புரட்டலை அங்கே நீங்கள் செய்ய வேண்டும். கழித்தலுக்கான ரிமூவ்ஆல் இன்னும் மோசம். அழைத்த செட், கொடுத்த தொகுப்பைவிடப் பெரியதாக இருந்தால் தொகுப்பை நடந்து நீக்கும், நல்லது. சமமாகவோ சின்னதாகவோ இருந்தால் செட்டை நடந்து, ஒவ்வொன்றும் தொகுப்பில் இருக்கிறதா என்று கேட்கும். கொடுத்தது அரேலிஸ்ட் என்றால் ஒவ்வொரு கேள்விக்கும் லிஸ்ட் முழுவதும் ஓர் ஓட்டம். 6,000 பொருள் செட்டிலிருந்து 6,000 பொருள் லிஸ்ட்டை நீக்க 3.6 கோடி ஒப்பீடுவரை போகலாம். அதே லிஸ்ட் 5,999 என்றால் 5,999 தேடலில் முடியும். ஒரு பொருள் கூடினால் நிரல் தொங்குகிறது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். லிஸ்ட்டை ஹாஷ்செட்டாக்கிக் கொடுப்பது எளிய மருந்து.

சி++ மொழியில் அன்ஆர்டர்ட் செட்டுக்கு & போன்ற குறிகளே இல்லை. ஸ்டாண்டர்ட் நூலகத்தின் செட்_இன்டர்செக்‌ஷனை எடுத்து அதன்மேல் ஓட்டினால் கம்பைல் ஆகும், ஓடும், விடை தவறாக இருக்கும். அது சார்ட் செய்த வரிசைக்கு எழுதியது. சின்னதை நடக்கும் லூப்பை நீங்களே எழுதிக்கொள்வதுதான் வழி.

ரஸ்ட் இந்த மூன்றிலும் பொறுப்பானது. இன்டர்செக்‌ஷன் சின்னதை நடக்கும், யூனியன் பெரியதிலிருந்து தொடங்கும், இரண்டும் புதுச் செட் கட்டாமல் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போகும். எண்ண மட்டும் வேண்டுமானால் நினைவகச் செலவே கிடையாது. ஆனால் இரண்டு சிஎஸ்வி ஃபைலை ஒப்பிடப் போய் ரஸ்ட் கற்றுக்கொள்ளச் சொல்வது, குன்னூருக்குப் போகிறவரைக் கூடலூர் வழியாக அனுப்புவது மாதிரி.

வேகத்தை நீங்களே அளக்கப் போகிறீர்கள் என்றால் டைம்இட் உண்டு. |=, -= போன்றவற்றை அதில் ஆயிரம் முறை ஓடவிடாதீர்கள். முதல் ஓட்டத்திலேயே நீக்க வேண்டியது நீங்கிவிடும். மீதி 999 முறை நீக்க ஒன்றுமில்லாத செட்டை அளந்து, சராசரி அழகாக வரும். அதன் நம்பர் அமைப்பை ஒன்றாகவும், ரிப்பீட்டை இருபதாகவும் வைத்து, ஒவ்வொரு முறையும் செட்டப் பகுதியில் புது நகல் எடுத்து அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

குறைந்த மதிப்பெண்ணின் மறுபாதி இங்கே: ரஸ்ட்டைப்போல் எண்ணிக்கை மட்டும் தரும் வழி பைத்தான் செட்டில் இல்லை. இன்று வந்தவர்களில் திரும்ப வந்தவர் எத்தனை என்ற கேள்விக்கு, & போட்டுப் புதுச் செட் ஒன்றைக் கட்டி, நீளத்தைப் பார்த்துவிட்டு அதைத் தூக்கி எறிய வேண்டும். 6,000-க்கு அது ஒன்றும் பெரிதல்ல. இரண்டு பக்கமும் லட்சங்கள் என்றால், சின்னதை நீங்களே நடந்து பெரியதில் இருப்பதை மட்டும் எண்ணிக் கூட்டும் ஒரு வரியைச் சம் ஃபங்ஷனால் எழுதுங்கள். கொஞ்சம் மெதுவாக ஓடும், நினைவகம் மிஞ்சும். ஒரே வண்டி எத்தனை முறை வந்தது என்பதும் செட்டுக்குத் தெரியாது. அதற்கு கலெக்‌ஷன்ஸ் மாட்யூலின் கவுண்ட்டர்.